மறுகால்

சென்ற மாதம் ஒரு மாலை, ஏழாம் வகுப்பில் பயிலும் என் பேத்தி ஆங்கிலப் பாடநூலோடு வந்து அமர்ந்தாள். “தாத்தா, ‘எக்ஸீட்’ என்றால் என்ன?” என்றாள். முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற துணிவில், “மீறுதல்” என்றேன். “அப்படியானால் அது தப்பா?” என்று கேட்டாள். உடனே எனக்கு விடை வரவில்லை.

இலத்தீனில் அச்சொல்லின் வேர்ப்பொருள் ‘வெளியே செல்லுதல்’ என்பதே. ‘டிரான்ஸ்கிரெஸ்’ என்பதன் வேர்ப்பொருளோ ‘கடந்து அடியெடுத்து வைத்தல்’. கட்டளையை மீறும் குற்றத்தைப் பின்னது தன்மேல் ஏற்றுக்கொண்டது. முன்னதோ, வாகனம் வேக வரம்பை மீறும்போதும் வரும். விளைச்சல் எதிர்பார்ப்பை விஞ்சும்போதும் வரும்.

நாஞ்சில் நாட்டு உழவரிடம் இதற்கு நெருங்கிய சொல் ஒன்று உண்டு: மறுகால். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய் வழியே வந்து நம் குளங்களை நிரப்புகிறது. மழைக்காலத்தில் கொள்ளளவுக்கு மேல் நீர் பெருகினால், அது மறுகால் வழியே வழிந்து கீழ்க்குளத்தைச் சேரும். மறுகால் அடைபட்டால் கரை உடையும், பயிர் அழியும். இரண்டும் அளவு கடந்த நீர்தான். ஒன்று வாழ வைக்கிறது, மற்றது அழிக்கிறது.

இதைப் பேத்திக்கு விளக்கும்போதே என் தம்பியின் முகம் நினைவில் எழுந்தது. பல ஆண்டுகளுக்கு முன், மனைவியின் மருத்துவச் செலவுக்கு உதவி கேட்டு அவன் வந்தான். தந்தையின் சொத்தில் அவனுக்குரியதை ஒரு காசும் குறையாமல் முன்பே கொடுத்திருந்தேன். “உன் பங்கு உனக்கு வந்துவிட்டதே” என்றேன். அவன் மறுமொழி கூறாமல் படியிறங்கினான். கடன் வாங்கி அவளைக் காப்பாற்றினான். அதன்பின் என் வீட்டுப் படி ஏறவேயில்லை.

அன்று நான் எந்த விதியையும் மீறவில்லை. ஆனால், ஒரு கல் தொலைவு வரக் கட்டாயப்படுத்துபவனோடு இரண்டு கல் செல்லுமாறு ஆண்டவர் கற்பித்தார். முதற்கல் கடமை, அன்பு அதற்கப்பால்தான் தொடங்குகிறது. நானோ நிறைந்த குளமாய் இருந்தும் மறுகாலை அடைத்து வைத்திருந்தேன்.

பேத்தி தன் ஏட்டில், “மீறுதல், மிகுதல், விஞ்சுதல்” என்று எழுதிக்கொண்டாள். மறுநாள் காலையில் நான் தம்பியின் ஊருக்குப் பேருந்து ஏறினேன். கதவைத் திறந்தவள் அவன் மனைவி. என்ன சொல்வதென்று அறியாமல் நின்றேன்.

“உள்ளே வாங்க அத்தான்” என்றாள்.