முகம் மாறி வந்தவர்கள்

ஒரு கதையைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி வாய் வலிக்க வாதாடும் பிள்ளைகளைக் கண்டால் எனக்குப் பிடிக்கும். என் பேத்தியும் அவள் தோழிகளும் அப்படிப்பட்டவர்கள். விடுமுறை நாளில் திருவண்ணாமலை திருவூடல் தெருவிலுள்ள எங்கள் வீட்டு மாடியில் கூடினார்களென்றால் கொரியத் தொடர்களைப் பற்றித்தான் பேச்சு. அதிலும் ‘ஆல்கெமி ஆஃப் சோல்ஸ்’ என்று ஒரு மாயாஜால ராஜா காலத்துக் கதை. முதல் சீசன் 2022 ஜூனில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்தது, 20 பகுதிகள். அந்த டிசம்பரிலேயே இரண்டாம் சீசன் வந்து, 10 பகுதிகளோடு 2023 ஜனவரியில் முடிந்துவிட்டது. தொடர் முடிந்தது, இவர்கள் வழக்கு முடியவில்லை.

வழக்கு இதுதான். முதல் சீசனில் நாயகியாக நடித்த ஜுங் சோ மின் இரண்டாம் சீசனில் இல்லை. அந்த இடத்தில் கோ யூன் ஜுங் வந்துவிட்டார். “ஆள மாத்திட்டாங்க ஆயா, அப்புறம் எப்படி அதே கதைன்னு பாக்கறது?” என்று என் பேத்தி கேட்கிறாள். “உயிர் அவளோடதுதானடி, முகம் எதுவா இருந்தா என்ன?” என்கிறாள் பக்கத்தில் இருப்பவள். இருவருக்கும் கண் கலங்கிவிடும். மாடியில் விளையாட்டுக்கு நடக்கிற சண்டையில்லை.

நானும் உட்கார்ந்து பார்த்தேன். அடியில் ஓடும் எழுத்தைப் படிக்கக் கண் ஒத்துழைக்காத இடத்தில் பேத்தி சொல்லிக்கொண்டே வந்தாள். தேஹோ என்று ஒரு கற்பனை நாடு. நக்சு என்ற பெண் கொலையாளி, வாள் வீச்சில் அவளை வெல்ல ஆளில்லை. சாகும் தறுவாயில் தன் உயிரை இன்னொரு உடம்புக்குள் செலுத்துகிறாள். அது போய் விழுந்த இடம், வாளைத் தூக்கக்கூடத் திராணியில்லாத ஏழைப்பெண் ஒருத்தியின் உடம்பு. ஊருக்கு அவள் வேலைக்காரி. பெரிய வீட்டுப் பிள்ளையான ஜாங் உக் ஒருவனுக்கு மட்டும் உள்ளே இருப்பது யாரென்று தெரிந்துவிடுகிறது. ஊர் பார்க்க அவளை ஏவுகிறான், தனியாக இருக்கும்போது அவளைக் குருவாக வைத்துப் பாடம் கேட்கிறான். இரண்டாம் சீசனில் மூன்று ஆண்டு கடந்துவிடுகிறது. அவள் பழைய நக்சுவின் முகத்தோடு திரும்பி வருகிறாள், ஆனால் நினைவு போய்விட்டது. அவளுக்கே தான் யாரென்று தெரியாது. அவனுக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை.

ஆக, இந்தக் கதைக்கு நடிகை மாறுவது தேவையாக இருக்கிறது என்று பேத்தியின் தோழி வாதாடுவதில் நியாயம் உண்டு. எல்லாத் தொடருக்கும் அப்படிச் சொல்ல முடியாது. ‘ஆர்த்தல் கிரானிக்கிள்ஸ்’ என்ற இன்னொரு தொடர் 2019இல் வந்து, அடுத்த சீசன் 2023இல் வந்தபோது நாயகன், நாயகி இருவருமே வேறு நடிகர்கள். அங்கே கதைக்குள் அதற்குக் காரணம் எதுவும் இல்லை. பார்ப்பவர்கள்தான் மனத்தைப் பழக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

“காலேஜ் படிக்கிற புள்ளைங்க எவளோ ஒரு கொரியாக்காரிக்காக அழுவுதுங்களே” என்று எதிர்வீட்டு அம்மா குறைப்பட்டுக்கொண்டார். என் வயதுக்காரர்கள் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூடுவிட்டுக் கூடு பாய்ந்தவரைப் பற்றிப் பேசுவதற்குத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் எது?

நம் கோயிலில் கிளிக் கோபுரத்தைத் தாண்டித்தான் அண்ணாமலையார் சந்நிதிக்குப் போகிறோம். அந்தக் கோபுரத்துச் சுதைக்கிளி அருணகிரிநாதர் என்பது ஊர் நம்பிக்கை. மன்னன் பிரபுட தேவராயனுக்குப் பார்வை மங்கியபோது, பாரிஜாதப் பூ வந்தால் குணமாகும் என்று, அருணகிரியார்மேல் பொறாமை கொண்ட சம்பந்தாண்டான் சொன்னானாம். அருணகிரியார் தன் உடம்பைக் கோபுரத்தில் கிடத்திவிட்டு, செத்துக் கிடந்த கிளியின் உடம்புக்குள் புகுந்து பறந்தார். அந்த நேரம் பார்த்து, ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லி உடம்பை எரிக்க வைத்துவிட்டான் சம்பந்தாண்டான். பூவோடு வந்த கிளிக்குத் திரும்பிப் போக வீடில்லை. கிளியாகவே இருந்து கந்தர் அனுபூதியைப் பாடினார் என்பார்கள். 1964இல் டி.எம்.சௌந்தரராஜன் அருணகிரிநாதராகவே நடித்து ஒரு படம் வந்தது. அது ஓடிய காலத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தக் கிளிக்காக அழுததை நான் பார்த்திருக்கிறேன். நக்சுவுக்காக அழும் பேத்தி எங்கிருந்தோ புதிதாக ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்துவிடவில்லை.

வாதாடுவதும் புதிதில்லை. நான் பிறந்து வளர்ந்தது செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், இரவில் கூத்து. வில் வளைப்பு, சூது துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கூத்தாகப் போய், பதினெட்டாம் போர் முடிந்து விடிந்தால் படுகளம். புரிசை எங்களுக்குத் தூரமில்லை. கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் கூத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசுகிற பேச்சிலேயே நான் வளர்ந்தேன். விடிந்ததும் கிணற்றடியிலும் நடவிலும் அதே பேச்சுதான். நேற்றைக்குத் துரியோதனன் கட்டியவர் குரல் இன்றைக்குக் கட்டியவருக்கு இல்லை, பாஞ்சாலி வேஷம் போன வருஷத்து ஆளுக்குத்தான் பொருந்தியது என்று ஆளுக்கொரு கட்சி. நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை போடுவார்கள்.

ஆனால் ராத்திரி திரை பிடித்துவிட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும். கட்டையும் கிரீடமும் அணிந்து திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டு வருகிறவர் யாராக இருந்தாலும் அவர்தான் துரியோதனன். நேற்று வேறொருவர், இன்று இவர், நாளைக்குப் படுகளத்தில் மண்ணால் செய்து படுக்கவைத்த பெரிய உருவம். மூன்றையும் ஒரே துரியோதனனாகத்தான் எங்கள் ஊர் ஜனங்கள் பார்த்தார்கள். பாஞ்சாலி வேஷம் போட்டவர் பகலில் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்ட ஆண்பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும். சூது துகில் அன்று அவரைப் பார்த்துத்தான் என் பாட்டி கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிடித்த முகத்தை விட முடியாமலிருப்பதும் தவறில்லை. கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வந்தது. அதற்கு மணியம் வரைந்த வந்தியத்தேவன் முகம்தான் என் அம்மாவுக்கு வந்தியத்தேவன். பின்னாளில் மறுபடி தொடராக வந்தபோது பத்மவாசன் வரைந்தார். மணிரத்னம் எடுத்த படம் 2022இல் வந்தபோது என் பேத்திக்கு கார்த்தி. கதை சட்டென்று முடிந்துவிட்டது, அப்புறம் யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டுத் தொந்தரவு செய்ததற்குக் கல்கியே ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வாசகர்களையும் அந்தக் காலத்துப் பெரியவர்கள் வேலையற்றவர்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இந்தப் பெண்களுக்கு நான் சொன்ன கதை வேறு. பெரிய புராணத்தில் வரும் திருமூலர் கதை. சாத்தனூர் என்றதும் நம் மாவட்டத்து அணைக்கட்டு ஊரை நினைத்துவிட்டார்கள். இது காவிரிக்கரையில் திருவாவடுதுறைப் பக்கத்துச் சாத்தனூர். மாடு மேய்க்கும் மூலன் இறந்து கிடக்கிறான். மாடுகள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. வழியில் வந்த யோகி அது பொறுக்காமல் தன் உடம்பை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் புகுகிறார். மாடுகளின் துக்கம் தீர்ந்துவிட்டது, பொழுது சாயும்போது அவை வீடு திரும்பிவிட்டன. இதுவரை எல்லோரும் சொல்வார்கள்.

எனக்கு அதற்கு அடுத்த இடம்தான் முக்கியம். மூலனுடைய மனைவி, இன்னும் வரவில்லையே என்று தேடிக்கொண்டு வருகிறாள். அவர் நிற்கிறார். அதே முகம், அதே உடம்பு. போய்த் தொடுகிறாள். அவர் விலகிக்கொண்டு, உனக்கும் எனக்கும் உறவு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு மடத்துக்குள் போய் யோகத்தில் அமர்ந்துவிடுகிறார். அன்றிரவு அவள் யாரிடமும் சொல்லவில்லை, தூங்கவும் இல்லை. மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் உன் வாழ்க்கைக்குத் திரும்பக்கூடியவர் இல்லை என்று சொல்லி அவளை அழைத்துக்கொண்டு போகிறார்கள். சேக்கிழார் திருமூலரோடு மேலே போய்விடுகிறார். அவள் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அவளை நினைக்க எனக்குக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர். கறார் பேர்வழி. காபி டம்ளரைத் தவிர அடுப்பங்கரையில் வேறெதையும் தொட்டறியாதவர். ஓய்வு பெற்ற பிறகு பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பிவிட்டது, நினைவு திரும்பவில்லை. காலையில் என்னைப் பார்த்தால் “வாங்க, உக்காருங்க” என்பார், விருந்தாளியை வரவேற்பதுபோல. கல்யாணமான நாளிலிருந்து “ஏய்” என்று கூப்பிட்ட மனிதர். அந்த “வாங்க” என் காதில் விழும்போதெல்லாம் மூலன் மனைவியின் அந்த இரவுதான் நினைவுக்கு வரும்.

பிறகு அந்தப் புது மனிதரோடு பழகிக்கொண்டேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னோடு கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வார். முருங்கைக்கீரையைக் காம்பில்லாமல் உருவுவதில் அவருக்கு அவ்வளவு கவனம். பாட்டு கேட்டால் அழுவார், பழைய ஆள் அழுது நான் பார்த்ததே இல்லை. உறவுக்காரர்கள் வந்து அவர் எதிரிலேயே, “அவரு அவராவே இல்லியே” என்பார்கள். எனக்குக் கோபம் வரும். அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் காது கேட்கிறது. யாரோ ஒருவர் திரும்பி வரட்டும் என்று காத்திருந்து, வந்து உட்கார்ந்திருப்பவரிடம் பேசாமல் போவது என்ன நியாயம்?

எங்கள் மகன் கடைசிவரைக்கும் தவித்தான். பழைய அப்பாவைத்தான் அவன் தேடினான், அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் துக்கம் அதிகமாயிற்று. அவன் மகளோ, இதோ இன்று நடிகை மாறியதற்குச் சண்டை போடுகிறாளே அவள், அப்போது சின்னப்பிள்ளை. கறாரான தாத்தாவை அவளுக்குத் தெரியாது. கீரை ஆய்கிற, பாட்டுக்கு அழுகிற தாத்தாதான் அவள் தாத்தா. அவர் போனபோது மகன் முன்பே பாதி அழுது முடித்திருந்தான். அவள்தான் முழுதாக அழுதாள். ஒரே மனிதருக்காக ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு வேறு ஆட்களை இழந்தார்கள். இருவர் அழுகையும் உண்மையானது.

அதனால்தான் அந்த மாடிப் பேச்சை நான் அலட்சியமாகக் கேட்பதில்லை. அன்பு வைத்தவர் மாறி வந்தால் யாரை நேசிப்பது என்று இருபது வயதில் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, வியாதி, வெளியூர் வேலை என்று ஒவ்வொன்றும் மனிதர்களை மாற்றித்தான் திருப்பி அனுப்பும். வளைகுடாவுக்குப் போன கணவன் ஐந்தாறு வருஷம் கழித்து வந்து இறங்கும்போது, தாலி கட்டியவன்தானா இவன் என்று திகைத்து நின்ற பெண்களை எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரியும். அவர்களுக்கு இதைப் பேச யாரும் இருக்கவில்லை. இந்தப் பெண்கள் முன்கூட்டியே பேசிப் பார்க்கிறார்கள். பேச ஒரு கொரியக் கதை இடம் கொடுத்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் புதுயுகம் தொலைக்காட்சியில் தமிழ்க்குரல் கொடுத்துக் கொரியத் தொடர்களைப் போட்டபோதே நம் பிள்ளைகள் அதில் ஏதோ தங்களுக்கானது இருக்கிறது என்று கண்டுகொண்டுவிட்டார்கள். உங்கள் வீட்டில் இப்படித் தொடர் பார்க்கும் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். யார் எவர் என்று கேளுங்கள். சலிக்காமல் சொல்வார்கள். உங்களிடம் இருக்கும் கதையையும் அப்போது எடுத்து வையுங்கள், கேட்பார்கள்.

மூலன் மனைவி கதையைச் சொல்லி முடித்ததும், “அந்த அம்மாவுக்கு அப்புறம் என்ன ஆச்சு ஆயா?” என்று கேட்டார்கள். சேக்கிழார் சொல்லவில்லை என்றேன். அது எப்படிச் சொல்லாமல் விடலாம் என்று எல்லோருக்கும் கோபம். மடத்து வாசலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. செத்துப்போன புருஷனுக்கு முதலில் அழுது முடிக்க அவளை விட்டிருக்க வேண்டும், அதைக்கூட ஊர் செய்யவில்லையே என்றாள் இன்னொருத்தி. அது எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றாத கோணம். என் பேத்தி மட்டும் பதில் சொல்லவில்லை, அந்தப் பாட்டுகளையே பார்க்க வேண்டும் என்றாள். வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருகிறார்கள். அலமாரியிலிருந்து பெரிய புராணத்தை எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறேன். உரை எளிதாக இல்லை, நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வர வேண்டும்.