நமுத்துப் போகும் முன்

விருந்துக்கு ஆள் வருகிற நாளில் சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறோம். வந்தவர்கள் உட்கார்ந்ததற்கும் இலை போடுவதற்கும் நடுவே கிடக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி யோசிப்பதில்லை. கடைசி நிமிடத்தில் மிக்சர் பொட்டலம் ஒன்றைப் பிரித்துக் கொட்டிவிட்டால் தீர்ந்தது. மிக்சர் மேல் எனக்கு விரோதம் ஏதுமில்லை. கொறிக்க ஆரம்பித்தவர் நிறுத்தமாட்டார், அப்புறம் சோறு இறங்காது, அவ்வளவுதான். அந்த நேரத்துக்கு வேண்டியது மெல்லிசாக, கடித்ததும் நொறுங்கி, வயிற்றில் இடம் பிடிக்காமல் போகிற ஒன்று. அப்பளம், சுட்ட பப்பட், கிராக்கர் எல்லாம் அந்த இனம். வாங்குவது சுலபம். வந்தவர் வாய்க்குப் போகிறவரை மொறுமொறுப்பாக வைத்திருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காரணம் ஈரம். வறண்டிருக்கும்வரை மாவுச்சத்து கண்ணாடி மாதிரி இறுகியிருக்கிறது. அழுத்தினால் வளையாமல் உடைகிறது. காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சியதும் இளகிவிடுகிறது, பல்லில் இழுபடுகிறது. பண்டம் கெட்டுப்போகவில்லை, ருசிகூட அநேகமாக அப்படியேதான் இருக்கும். ஆனால் நமுத்ததை யார் தொடுவார்கள்? சென்னையில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், பொரித்த அப்பளத்தைத் தட்டில் திறந்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய் வந்தவரிடம் நாலு வார்த்தை பேசித் திரும்புவதற்குள் கதை முடிந்துவிடும்.

அப்பளம் வாங்கும்போது நான் முதலில் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிப்பேன். உளுத்தம் மாவு முதலில் இருக்க வேண்டும். மைதா முந்திக்கொண்டிருந்தால் விலை குறையும், உளுந்தின் மணமும் சேர்ந்து குறையும். அடுத்து பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். ஓரமும் நடுவும் ஒரே கனமாக இருக்க வேண்டும். நடு தடித்திருந்தால் ஓரம் சிவந்து போகிற நேரத்தில் நடு இன்னும் பொரிந்திருக்காது. கடைசியாக ஒன்றை லேசாக வளைத்துப் பார்க்கலாம். பட்டென்று உடையாமல் கொஞ்சம் கொடுக்க வேண்டும். பொரிவதே உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தால்தான். காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் அந்த ஈரம் ஆவியாகி மாவை உள்ளிருந்து ஊதுகிறது. மேலே தெரியும் கொப்புளங்கள் அதனால் வந்தவை. எலும்பாகக் காய்ந்த பழைய அப்பளம் எண்ணெயில் சிவக்குமே தவிர விரியாது. அதனால், பூச்சி வராமலிருக்க வருஷம் முழுக்க வெயிலில் போட்டுப் போட்டு எடுப்பவர்களிடம் கொஞ்சம் கை நிறுத்தச் சொல்வேன்.

சிவப்பதைப் பற்றி இன்னொன்று. மாவில் சேர்க்கிற அப்பளக்காரம் நிறம் ஏறுவதை வேகப்படுத்தும். எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் உள்ளிருக்கும் சூட்டில் நிறம் கூடிக்கொண்டே போகும். வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே எடுத்து, படுக்கப் போடாமல் செங்குத்தாக நிறுத்தி எண்ணெயை வடியவிட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகச் சூட்டோடு அடுக்கினால் ஒன்றின் ஆவி மற்றொன்றை நமுக்கவைக்கும்.

எங்கள் பக்கத்தில் கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குத் தனி மரியாதை. தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். இட்ட கைதான் காரணம் என்பது என் கட்சி. உளுத்தம் மாவைப் பிசைந்து, உரலில் இடித்து இளக்கி, நீளமாக உருட்டி, நூலைச் சுற்றி இழுத்துத் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் குழவியால் மெல்லிசாக இட வேண்டும். இடித்தது போதாவிட்டால் இடும்போது ஓரம் வெடிக்கும். அதைத் தண்ணீரால் சரிசெய்ய முடியாது.

மாலை நேரத்துக் கொறிப்புக்கு ஆனால் எண்ணெயில் பொரித்ததைவிட நெருப்பில் சுட்டதையே நான் வைப்பேன். விரலில் பிசுக்கு ஒட்டாது, கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு சாப்பிடலாம். அதற்கு மிளகு போட்ட வடக்கத்தி பப்பட் பொருத்தம். 1959-ல் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் இட ஆரம்பித்த லிஜ்ஜத் பப்பட் இந்த ரகம்தான். இடுக்கியால் பிடித்துத் தணலில் காட்டி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வாட்டி எடுத்த சில விநாடிகளுக்கு அது துணிபோலத் துவளும். அந்த நேரத்தில் கூம்பாகச் சுருட்டிப் பிடித்தால் ஆறும்போது அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். கொஞ்சம் தாமதித்தால் கையில் தூள்தான் மிஞ்சும்.

கிராக்கர் விவகாரம் நேர் எதிர். அப்பளம் கொப்புளித்தால் நல்லது. கிராக்கர் கொப்புளிக்கவே கூடாது. அதற்குத்தான் மேலே வரிசையாக ஓட்டைகள். அடுப்பில் எழும் ஆவி அந்த வழியே வெளியேறுவதால் பண்டம் தட்டையாக நிற்கிறது. எதையாவது மேலே வைத்துத் தூக்க அந்தத் தட்டைத்தனம் வேண்டும். 1885-ல் டப்ளினில் ஜேக்கப்ஸ் நிறுவனம் செய்ய ஆரம்பித்த கிரீம் கிராக்கரில் பெயரைத் தவிர வேறெங்கும் கிரீம் இல்லை. அதை வாங்கியவர்கள் வெண்ணெயைத் தடவிச் சாப்பிட்டார்கள். இலங்கைத் தமிழர் வீடுகளில் இன்றும் மாலைத் தேநீருக்கு அந்த பிஸ்கட்தான். மாஜரின் தடவிச் சீனி தூவிக் கொடுப்பார்கள், அல்லது சீனிச் சம்பல் வைத்து. மாஜரினும் வெண்ணெயும் ருசிக்கு மட்டும் அல்ல. அந்தக் கொழுப்புப் படலம் மேலிருக்கும் ஈரம் கீழே இறங்குவதைக் கொஞ்ச நேரம் தடுக்கிறது.

இங்கே என் பிடிவாதம் ஒன்று உண்டு. பூண்டு, சீஸ், தக்காளி, புதினா என்று வாசனை ஏற்றிய கிராக்கர்களை விருந்துக்கு வாங்கமாட்டேன். தனியாகத் தின்ன அவை சரி. மேலே ஒன்றை வைத்தால் இரண்டும் சண்டை போடும். மாவும் உப்பும் மட்டும் உள்ள சாதா கிராக்கர் எதற்கும் வழிவிடும். மாங்காய்த் தொக்கு, கெட்டியாக அரைத்த பருப்புத் துவையல், நெய்யில் குழைத்த எள்ளுப்பொடி எல்லாம் அதன்மேல் நன்றாக உட்காரும். எண்ணெய் மிதக்கும் தொக்கு துவையலைவிட நீண்ட நேரம் அதை நமுக்கவிடாது.

மசாலா பப்பட்டில்தான் ஹோட்டல்கள் கோட்டைவிடுகின்றன. வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கொத்துமல்லியைப் பொடியாக நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் கலந்து வைக்கிறார்கள். உப்பு பட்டதும் தக்காளி தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரோடு அள்ளிப் பப்பட்டின் நடுவில் போட்டால், அது மேசைக்கு வந்து சேர்வதற்குள் நடுப்பகுதி கூழாகியிருக்கும். ஓரத்தை மட்டும் உடைத்துச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டில் இதற்கு வழி சுலபம். தக்காளியின் சாற்றையும் விதையையும் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் நறுக்க வேண்டும். உப்பை நறுக்கியதில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். பப்பட்டைச் சுடுவதற்கு முன்பே கத்திரிக்கோலால் நாலாக வெட்டிக்கொண்டால் ஒரு துண்டு ஒரு வாய்க்கு ஆகும். தட்டில் பப்பட், பக்கத்தில் கிண்ணங்கள், அவரவர் கையால் அள்ளிப் போட்டு உடனே வாயில். அழகாக அலங்கரித்து எடுத்துவர முடியவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. நான் அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

சத்தத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சாம்பினியும் ஆட்களுக்கு ஹெட்போன் மாட்டி, பிரிங்கிள்ஸ் சிப்ஸைக் கடிக்கச் சொல்லி, அவர்கள் கடிக்கும் சத்தத்தையே மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். சத்தத்தை, முக்கியமாக அதன் கீச்சுப் பகுதியை, ஏற்றியபோது அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாக, இன்னும் புதுசாக இருப்பதாகச் சொன்னார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வுக்கு 2008-ல் இக்நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவைக்கிற ஆய்வுக்குத் தரும் பரிசு அது. எனக்கு அதிலிருந்து கிடைத்த பயன், விருந்தாளி வந்ததும் டிவியை அணைத்துவிடுவது.

மிஞ்சியதை என்ன செய்வது என்று கேட்பார்கள். நமுத்த கிராக்கரைத் தட்டில் பரப்பி 150 டிகிரி அவனில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, நன்றாக ஆறிய பிறகு மூடி இறுக்கமான டப்பாவில் போட்டால் மீண்டும் நொறுங்கும். சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்த்து மறுபடி நமுக்கும். அப்பளத்தை அப்படி மீட்க நான் முயல்வதில்லை. உடைத்து, வற்றல் குழம்பு கொதித்து இறங்கும் நேரத்தில் போட்டுவிடுவேன். அங்கே அது ஊறினால்தான் ருசி.