ஊர்ப் பெயர் தெரியாத கணினி

எஸ்டிடி காலம் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மதுரைக்குள்ளேயே பேச வேண்டுமானால் வீட்டு எண் மட்டும் போதும். சென்னையிலிருந்து மதுரைக்கு என்றால் முன்னால் 0452 சேர்க்க வேண்டும். அலுவலகக் கணினிகளும் ஏறக்குறைய இப்படித்தான் ஒன்றையொன்று அழைக்கின்றன. என்ன, அங்கே ஊர் முன்னால் வராது, பின்னால் வரும்.

ஒவ்வொரு கணினிக்கும் ஐபி முகவரி என்று ஓர் எண் உண்டு. எண்ணை யார் மனப்பாடம் செய்வது? அதனால்தான் பெயர். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்வது டிஎன்எஸ் என்ற ஏற்பாடு. 1983-ல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்தது. ஆனால் அதற்கு முழுப் பெயர் வேண்டும். எங்கள் அலுவலகத்தில் சம்பளக் கணக்கு இருந்த சர்வரின் முழுப் பெயர் "பேரோல்" என்று தொடங்கி, ஒரு புள்ளி வைத்து, அலுவலகத்தின் டொமைன் பெயரோடு நீளும். நாங்கள் "பேரோல்" என்று மட்டும் தட்டுவோம். மீதியை விண்டோஸ் தானே ஒட்டிக்கொள்ளும். அந்த வாலுக்குத்தான் டிஎன்எஸ் சஃபிக்ஸ் என்று பெயர். எங்களிடம் அதை ஒவ்வொரு கணினியிலும் நெட்வொர்க் செட்டிங்கில் கையால் எழுதி வைப்போம்.

2006-ல் ஒரு மாதக் கடைசி. தற்காலிகப் பணிக்கு வந்திருந்த ஒரு பெண்ணின் கணினியில் மட்டும் பேரோல் திறக்கவில்லை. பக்கத்து மேசைகளில் திறக்கிறது. "புதுசா வந்தவங்க எதையோ அழிச்சிட்டாங்க" என்று மேலதிகாரி முடிவு கட்டிவிட்டார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிடும் நிலை. "நான் எதையும் தொடலை சார்" என்று என்னிடம் சொன்னபோது அந்தப் பெண்ணின் குரல் உடைந்துவிட்டது.

பிங் கட்டளையில் குட்டிப் பெயரைக் கொடுத்தேன். அப்படி ஒரு கணினியே இல்லை என்றது. முழுப் பெயரைக் கொடுத்தேன். உடனே பதில் வந்தது. ஆக, சர்வரும் சரி, கேபிளும் சரி. ஐபிகான்ஃபிக் /ஆல் போட்டுப் பார்த்தேன். சஃபிக்ஸ் இருக்க வேண்டிய இடம் காலி. முந்தின நாள்தான் அந்தக் கணினியைப் பழுது பார்த்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வாலை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். கணினிக்குத் தன் ஊரே தெரியவில்லை, பாவம்! எழுதி ஓகே கொடுத்ததும் பேரோல் திறந்தது. மேலதிகாரி ஒன்றும் பேசாமல் தன் அறைக்குப் போனார். அந்தப் பெண் மறுநாளும் வேலைக்கு வந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வால்களையும் எழுதி வைக்கலாம். கணினி வரிசையாக ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்கும். இரண்டு கிளைகளிலும் ஒரே குட்டிப் பெயரில் சர்வர் இருந்தால், வரிசையில் முந்தியதற்குப் போய்விடும். ஒரே தெருவில் இரண்டு முருகன் இருந்தால் தபால்காரர் படும் பாடுதான். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தால், "இதுவே முழுப் பெயர், எதையும் ஒட்டாதே" என்று அர்த்தம்.

குட்டிப் பெயருக்குப் பதில் வராவிட்டால், முதலில் முழுப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். ஆளை விசாரிப்பது அதற்கப்புறம்.