ஒத்தை பீஸ் வேலை

கோவையில் கணபதிக்கும் ஆவாரம்பாளையத்துக்கும் நடுவே ஒரு சந்து. அங்கே ஒரு வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஷெட்டில், நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் அந்தக் கார் உட்கார்ந்திருக்கிறது. பாடி கிடையாது. ஓர் அங்குலக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்துப் பற்றவைத்த சட்டம், இரண்டு சீட், சீட்டுக்குப் பின்னால் மாருதி எஸ்டீமின் 1,298 சிசி இன்ஜின். பக்கத்து வீட்டு அம்மா ரொம்ப நாள் அதைக் கோழிக்கூண்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம்.

கட்டுபவர் ஒரு பம்பு கம்பெனியின் டிசைன் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞர். ஃபார்முலா பாரத் போட்டிக்காகக் கல்லூரி நாட்களில் நண்பர்களோடு ரேஸ் கார் கட்டியவர். வேலைக்குப் போன பிறகும் அந்தக் கிறுக்கு விடவில்லை. வீட்டிலேயே கட்டுகிறேன் என்று அவர் சொன்னதால் ஒரு ஷெட்டையும் ஓர் ஆளையும் பார்க்கப் போகிறோம் என்றுதான் கிளம்பினேன். அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பட்டறை பட்டறையாகச் சுற்றியபோதுதான் அந்தக் காரில் எத்தனை பேர் கை இருக்கிறது என்று புரிந்தது. அவர்களில் பாதிப் பேர் காரையே பார்த்ததில்லை.

இன்ஜினைப் பின்னால் வைக்கும் யோசனை இந்த ஊருக்குப் புதிதல்ல. எஸ்டீம் முன்சக்கர இழுவை வண்டி. இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாகக் குறுக்குவாட்டில் இருக்கும். அந்தக் கட்டைத் தூக்கிப் பின்சக்கரங்களுக்கு நடுவே வைத்தால் பின்சக்கர இழுவை கிடைத்துவிடும். கோவைக்காரரான கரிவர்தன் 1980களின் பிற்பகுதியில் மாருதி 800 இன்ஜினைக் கொண்டு ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டினார். கார் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டிப் பழகியது அந்த வகைக் காரைத்தான். ஒரே ஒரு நிபந்தனை: கட்டின் முகம் திரும்பக் கூடாது. இடம் போதவில்லையே என்று 180 டிகிரி திருப்பி வைத்தால் ஐந்து கியரிலும் வண்டி பின்னால் போகும், ரிவர்ஸில் மட்டும் முன்னால் போகும்.

இடம் மாறியது இன்ஜின் மட்டும்தான் என்று நினைத்தால் தப்பு. ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது, ஆகவே தண்ணீர் போய்வர நீளமான இரண்டு பைப் வேண்டும். அதில் காற்று அடைத்துக்கொள்ளும் என்பதால் உயரமான இடத்தில் காற்றை வெளியேற்ற ஒரு சின்ன நட்டு வேண்டும். கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருந்த லீவர் இப்போது முன்னால் வந்துவிட்டது, கம்பி இன்ஜினைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். முன்சக்கரத்து நக்கிளைப் பின்னால் மாட்டினால் அது ஸ்டியரிங் போலத் திரும்பப் பார்க்கும், அதை ஒரு லிங்க் போட்டுக் கட்டிவைக்க வேண்டும். இவை எதுவும் கடையில் கிடைக்காது.

தகட்டு வேலை இப்போது சுலபமாகிவிட்டது. வரைபடத்தை அனுப்பினால் லேசர் கட்டிங் கடையில் பிராக்கெட்டுகளை வெட்டிக் கவரில் போட்டுத் தருகிறார்கள். கஷ்டம் அவற்றைக் குழாயோடு சேர்ப்பதில்தான். ஆர்கான் வெல்டிங் போடும் மேஸ்திரி ஓட்டல் சமையலறைகளுக்கு ஸ்டீல் மேஜை செய்பவர். இளைஞர் மில்லிமீட்டரில் பேசினால் அவர் நூல் கணக்கில் பதில் சொல்கிறார். அங்குலத்துக்கு எட்டு நூல். இரண்டு குழாய் சேரும் இடத்தில் ஒன்றின் வாயை மற்றதன் வளைவுக்குப் பொருந்தும்படி வெட்ட வேண்டும். அதற்கு இளைஞர் கம்ப்யூட்டரில் வரைந்து எடுத்துவந்த காகிதத்தைக் குழாயில் சுற்றி, ஓரத்தைக் கோடு போட்டுக்கொண்டு, மேஸ்திரி கிரைண்டரில் சீவுகிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் சீவுகிறார்.

பிறகு நாலு பக்கமும் பாயிண்ட் மட்டும் வைப்பார். முழுசாக ஓட்டுவது கடைசியில்தான். வெல்டிங் ஆறும்போது இரும்பைத் தன் பக்கம் இழுக்கும் என்பதால் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிப் போடுகிறார். "இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் சமாதானம் பண்ணோணும்ங்" என்றார். அப்படியும் பின் சஸ்பென்ஷன் பிராக்கெட் ஒன்று அரை நூல் சாய்ந்துவிட்டது. ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் சமையலறை மேஜையில் ஒன்றுமே இல்லை. சக்கரத்தின் கோணத்தில் அது நன்றாகவே தெரியும். பேசாமல் அதை அறுத்தெடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார். கூலி கேட்கவில்லை.

நான் அதிக நேரம் நின்று பார்த்தது டிரைவ் ஷாஃப்ட் வேலையை. சட்டம் எஸ்டீமைவிடக் குறுகலானது, அசல் ஷாஃப்ட் நீளம். நடுவில் வெட்டி, ஸ்லீவ் போட்டு ஒட்டிவிடலாம் என்பது இளைஞரின் முதல் எண்ணம். லேத் பட்டறைக்காரர் கேட்டவுடன் முடியாது என்று தலையாட்டிவிட்டார். அசல் ஷாஃப்டின் மேல்தோல் கடினப்படுத்தப்பட்டது. வெல்டிங் சூட்டில் ஒட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கடினம் போய்விடும், கிளட்சை வெடுக்கென்று விடும்போது முறுகுவது அந்த இடத்தில்தான். "தண்ணி எறைக்கற மோட்டாருக்குன்னா ஒட்டித் தந்துருவேனுங் தம்பி. மனுசன் உக்கார்ற வண்டிக்கு ஆகாதுங்" என்றார். ஆக, இஎன் 24 எஃகு ராடு வாங்கிப் புதிதாகவே கடைவது என்று முடிவாயிற்று.

அது கணவன் மனைவி இரண்டு பேர் நடத்தும் பட்டறை. அண்ணன் லேத், அக்கா மில்லிங். பைக்காரா நீர்மின்சாரம் வந்த 1930களில் இங்கே மில்கள் பெருகின. மில்களுக்கு உதிரி செய்து பழகிய கைகள் பிறகு மோட்டார் பம்புக்கும் கிரைண்டருக்கும் திரும்பின. இந்தச் சந்துகளில் இன்றைக்கும் ஓடுவது பெரும்பாலும் அந்த ஜாப் ஆர்டர்தான். இவர்களுக்கும் சோறு போடுவது பம்பு புஷ். ஒருதரம் செட்டிங் பண்ணினால் நூற்றுக்கணக்கில் ஓடும். ஒத்தை பீஸுக்கும் செட்டிங் நேரம் அதேதான், கூலியோ ஒன்றுக்குத்தான். அதனாலேயே பல பட்டறைகள் இளைஞரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணன் ராடை இரண்டு சென்டருக்கு நடுவில் பிடித்துக் கடைந்தார், கிரைண்டிங்குக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்து. அடுத்து அது அக்காவின் மேஜைக்குப் போனது. முனையில் ஸ்ப்ளைன் பல் வெட்ட வேண்டும். டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால் ஷாஃப்ட் ஒரு சுற்று திரும்பும் என்று ஆரம்பித்தார். "25 பல்லுன்னு வைங்க. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முழுச் சுத்து, அப்புறம் இருவது தொளை வட்டத்துல பன்னண்டு தொளை." நாற்பதை இருபத்தைந்தால் வகுத்துப் பார்த்துக்கொண்டேன், சரியாக வந்தது. நடுவில் ஒரு துளை தப்பினாலும் அடுத்தடுத்த பல் எல்லாம் தள்ளிப்போய், கடைசிப் பல்லும் முதல் பல்லும் சேரும் இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அக்கா வேலையைத் தொடங்கியதும் ரேடியோவை நிறுத்தினார். பின்னை இழுத்துவிட்டு, சுற்றி, துளை எண்ணி, பின்னை விடுவது. அதற்குள் ஜாப் ஆர்டர்காரர் ஒருவர் வந்து நின்றார். அக்கா அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தப் பல் முடிந்த பிறகுதான் "சொல்லுங்ண்ணா" என்றார்.

அளவு சரிதானா என்று பார்க்க இரண்டு எதிர்ப் பல்லிடுக்குகளில் பின் வைத்து மைக்ரோமீட்டர் பிடித்தார். அதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு. எஸ்டீம் ஜாயிண்டின் உள்வளையத்தை இளைஞர் பையில் எடுத்துவந்திருந்தார். எண்ணெய் தடவி மாட்டினார்கள். கையால் தள்ளினால் போகிறது, ஆட்டினால் ஆட்டமில்லை.

ஹீட் ட்ரீட்மென்ட் வேறொரு இடத்தில். சுமார் 850 டிகிரிக்குச் சுட்டு எண்ணெயில் முக்கி, பிறகு குறைந்த சூட்டில் டெம்பர் செய்வார்கள். நீளமான ஷாஃப்டைத் தொங்கவிட்டுத்தான் சுட வேண்டும், படுக்கப் போட்டால் தன் எடையிலேயே வளைந்துகொள்ளும். தொங்கவிடச் சொல்லியும் ஒன்று வளைந்துதான் வந்தது. அண்ணன் அதைச் சென்டரில் மாட்டி, டயல் கேஜை வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினார். முள் ஏறுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு. கழற்றி, ஹாண்ட் பிரஸ்ஸில் கோட்டை மேலே பார்க்க வைத்து ஓர் அழுத்து. மறுபடி சென்டர், மறுபடி டயல். அழுத்தம் கூடிப்போனால் மறுபக்கம் வளைந்துவிடும், விரிசலும் விழலாம். எவ்வளவு அழுத்துவது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். கை சொல்லும் என்கிற மாதிரி பதிலை எதிர்பார்த்தேன். "எத்தனை அழுத்துனா எத்தனை திரும்பி வருதுன்னு மொத அழுத்துலயே பாத்துக்கோணும். அதுக்குத்தான் கம்மியா ஆரம்பிக்கறது" என்றார் அவர்.

இந்தக் கார் ஊருக்குள் ஓடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. சைலன்சரை வெட்டி ராத்திரியில் ஊரை எழுப்புவதையும் மட்கார்டைத் தாண்டி டயரை நீட்டுவதையும் மாடிஃபிகேஷன் என்று சொல்லித் திரிபவர்களைப் பார்த்தவன் நான். இந்த இளைஞர் வண்டியை டெம்போவில் ஏற்றிச் செட்டிபாளையம் கொண்டுபோகப் போகிறார். அங்கே 2003-இல் திறந்த, 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள ஓடுதளத்துக்குக் கரிவர்தனின் பெயர்தான்: கரி மோட்டார் ஸ்பீட்வே. அதைப் பார்க்க அவர் இல்லை, 1995-இலேயே விமான விபத்தில் இறந்துவிட்டார்.

முதல் ஓட்டத்துக்கு வரச் சொல்லி மேஸ்திரியையும் பட்டறை அண்ணனையும் அக்காவையும் இளைஞர் கூப்பிட்டார். மேஸ்திரி வருகிறேன் என்றார். பட்டறையில் பம்பு புஷ் ஆர்டர் நெருக்குவதால் ஞாயிற்றுக்கிழமையும் லேத் ஓடும். அண்ணன், சீல் உட்காரும் இடத்தை எமரித் தாள் போட்டுத் துடைத்தீர்களா, இல்லாவிட்டால் ஆயில் கசியும் என்றார். அக்காவுக்கு வேறொன்று வேண்டியிருந்தது.

"ஓட்டிப் போட்டு அந்த ஷாஃப்டைக் கழட்டி இங்க கொண்டாங்க தம்பி. பல்லு எந்தப் பக்கம் தேயுதுன்னு நான் பாக்கோணும்."

கழற்ற வேண்டுமென்றால் சக்கரத்தை எடுத்து, நக்கிளைப் பிரித்து, கியர் ஆயிலை வடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தால் அரை நாள் வேலை. இளைஞர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிங்க்கா, திங்கக்கெழம கொண்டாறேன்" என்றார்.