நாலாவது ரீல்

மார்ச் 3, செவ்வாய்

நாலாவது ரீலுக்கு சவுண்ட் நெகட்டிவ் போய்விட்டது. டப்பாவைத் திறந்ததும் காடி வாடை. உள்ளே ஒட்டிப்போன கட்டி. மிச்சம் பழைய டிவி டேப்பில் இருக்கும் ஒலி மட்டும். படம் 990 அடி, அதாவது 11 நிமிடம். டேப்பில் 10 நிமிடம் 33.6 விநாடி. 25 ஃபிரேம் ஓட்டம். 24-க்கு இறக்கினால் தீர்ந்தது. நாளை மதியத்துக்குள் முடியும்.

மார்ச் 4, புதன்

முடியவில்லை. முதல் காட்சியில் கதவு சாத்தும் இடத்தில் பொருத்தினேன், அச்சாக உட்கார்ந்தது. ரீல் கடைசியில் ஒரு பெண் “அம்மா” என்கிறாள். உதடு ஒட்டுவதற்கு முன்பே சத்தம் வந்துவிடுகிறது. பிந்தி வந்தாலாவது கண் பொறுத்துக்கொள்ளும். மின்னலுக்குப் பிறகுதானே இடி. முந்தினால் வேறு யாரோ பேசுவது போல இருக்கிறது. கழுத்து பிடித்துக்கொண்டது. ஏசியைக் குறைக்க ஆளில்லை.

மார்ச் 5, வியாழன்

பேச்சு ஓய்கிற இடங்களில் வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். பாட்டில் வெட்ட இடமே இல்லை. எங்கே கை வைத்தாலும் தாளம் இடறுகிறது. எல்லாவற்றையும் அழித்தேன். இந்த ரீலை வேறு யாரிடமாவது கொடுத்துவிடப்போகிறேன்.

வீட்டில் அப்பா டிவிப் பாட்டுக்கு வயலின் சேர்த்துக்கொண்டிருந்தார். “அஞ்சு கட்டையும் இல்ல, அஞ்சரையும் இல்ல. எங்கதான் நிக்குது இது?” தினமும் இதே கேள்வி. எரிந்து விழுந்தேன். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மார்ச் 6, வெள்ளி

ஒலி முந்துவது கால் ரீலில் 4 ஃபிரேம். பாதியில் 8. கடைசியில் 16. நேர்கோடு!

டீயைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். ஆயிரத்துக்கு ஒன்று. 23.976. ஸ்கேன் செய்த படத்தை யாரோ அமெரிக்க டிவி வேகத்தில் பதிந்திருக்கிறார்கள். ஒலி சரியாகத்தான் ஓடியது, படம்தான் 11 நிமிடத்தில் முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்தங்கியது. மூன்று நாளாக ஒலியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

24 என்று மாற்றினேன். “அம்மா.” உதடு ஒட்டியது. பதினோரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

மார்ச் 7, சனி

தூக்கமில்லை. டேப் எடுத்தவர்கள் அப்போதே சுருதியை மட்டும் கீழே இறக்கியிருந்தால்? நீளத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. இறக்கியிருந்தால் நான் இரண்டாம் தடவை இறக்கிவைத்திருக்கிறேன். அரைக் கட்டையில் நூற்றுக்கு 71 பங்கு. உதடு பொருந்திவிடும், குரல் பொய்யாகிவிடும்.

அந்தப் பாட்டில் அப்பா வாசித்திருக்கிறார். கேட்கலாமா? வியாழனுக்குப் பிறகு சரியாகப் பேசவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கேட்டேன். ஹெட்போனை இடது காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வலது இப்போது மந்தம். எதுவும் சொல்லாமல்தான் போட்டேன்.

“அஞ்சு.”

ஆர்மோனியத்தில் அழுத்திப் பார்த்தேன். அஞ்சுதான்.

வயலினை எடுத்தார். வில் நடுங்கியது. சரணத்தில் ஓர் இடத்தில் நிறுத்தி, “இங்க நான் ஒரு இழுப்பு முந்திட்டேன்மா. அதையே ஓகே பண்ணிட்டாங்க” என்றார். போட்டுக் கேட்டோம். ஆமாம், முந்துகிறது. மயிரிழை. அதை நான் சரிசெய்யமாட்டேன்.

மார்ச் 9, திங்கள்

டிவிக்காரர்களுக்கு 25-இல் ஒரு பிரதி வேண்டுமாம். “வேகத்த ஏத்திக் குடுத்துருங்க மேடம், யாருக்கு தெரியப்போகுது?” இரண்டரை மணிப் படம் 2 மணி 24 நிமிடமாகிவிடும். நேரம் போனால் போகட்டும், சுருதியை விடமாட்டேன். வேகத்தை ஏற்றி, சுருதியை மட்டும் அஞ்சிலேயே நிறுத்திப் போட்டேன். தபேலா அடி மழுங்குகிறது. மறுபடி வேறு அளவில். மறுபடி. இரவு 1.40. காதில் இரைச்சல். இதற்குப் பணம் கேட்கவும் தோன்றவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

தபேலா கொஞ்சம் தெளிந்தது. முழுசாக இல்லை. அனுப்பிவிட்டேன். அனுப்பியது தப்போ என்று மாலை வரை வயிற்றைப் பிசைந்தது.

“டிவில எப்பம்மா போடுவாங்க?” தெரியாது என்றேன். மெல்லிய தந்தி அறுந்துவிட்டதாம். இரண்டு வாங்கி வரச் சொன்னார்.