கடற்காற்று வரும் சாலை

திருவான்மியூரில் நான் குடியிருந்த அடுக்கக வீட்டில் ஒருநாள் விடியற்காலை சமையலறைக் கூரையிலிருந்து முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் செக்கச்செவேலென்று கம்பி. கட்டி இருபது வருடம்கூட ஆகாத வீடு. பார்க்க வந்த கொத்தனார் கம்பியை நகத்தால் சுரண்டினார், பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. "உப்புங்க. கடல் காத்து ஒருபக்கம், மணல்ல என்னத்தக் கலந்தாங்களோ அது ஒருபக்கம்" என்றார். கான்கிரீட்டுக்குள் உப்பு இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அது உள்ளிருந்து நெம்ப, மேலே பூசியது பிளந்து விழும்.

அந்த வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் தொடங்குகிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு புதுச்சேரி வரைக்கும் சுமார் 150 கிலோமீட்டர். எத்தனையோ முறை போன சாலைதான். காரை விழுந்த பிறகு போனபோது கடலைப் பார்க்கவில்லை, வழிநெடுகக் கூரைகளையும் சுவர்களையுமே பார்த்துக்கொண்டு போனேன்.

இந்தக் கரையில் வீட்டுக்கு முதல் எஜமான் காற்று. சித்திரை வைகாசியில் காலையெல்லாம் மேற்கிலிருந்து அனல் வீசும். உச்சி சாய்ந்ததும் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே வரும். அது பிந்துகிற நாளில் ஊரே வெந்துபோகும். ஐப்பசி கார்த்திகையில் அதே கடல் புயலையும் மழையையும் அனுப்பும். ஆக, காற்றை உள்ளே விடவேண்டும், மழைச் சாரலையும் வெயிலையும் வெளியே நிறுத்தவேண்டும். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் புதிதாக எழும் பல வீடுகள் இதற்கு நேர்மாறாக, திறக்காத கண்ணாடியைக் கடலைப் பார்த்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஏசியில் ஓடுகின்றன. பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பக்கம், பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கோபுரங்களும் அப்படித்தான். சில கிலோமீட்டரில் இலவசமாகக் காற்று வந்து நிற்க, ஜன்னல் என்ற ஒன்றே இல்லாத கட்டடம் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முட்டுக்காட்டில் இறங்கி தட்சிணசித்ராவில் அரை நாள் இருந்தேன். 1996இல் திறந்த இந்த இடத்துக்கு லாரி பேக்கர் வடிவம் தந்தார், பென்னி குரியகோஸ் அதைத் தொடர்ந்து கட்டினார். தென்னாட்டில் இடிபட இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்தெடுத்து வந்து, இங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். பத்து ஏக்கருக்குள் நாலு விதமான வானிலையில் நடந்துவிடலாம். கேரளத்து வீட்டில் கூரைதான் வீடு. ஓயாத மழைக்குச் செங்குத்தாகச் சரிந்து, மரச்சுவரைக் குடைபோல மூடுகிறது. வட கர்நாடகத்து நெசவாளர் வீட்டுக்குத் தடித்த கல்சுவர், சின்னச் சின்னத் திறப்பு, தட்டையான கூரை. மழை குறைவு, வெயிலை மட்டும் தடுத்தால் போதும். செட்டிநாட்டு வீட்டுக்கு நடுமுற்றம். ஆந்திரக் கடற்கரையின் வட்ட வீடுதான் என்னை அதிக நேரம் நிறுத்தியது. மண்சுவர் வளைந்து ஓடுகிறது, கூரை ஏறக்குறைய தரையைத் தொடுகிறது. புயல் வந்து மோதப் பிடிமானமாக ஒரு மூலைகூடக் கிடையாது. குனிந்துதான் நுழையவேண்டும். உள்ளே போனதும் கண் இருட்டிப் பின் தெளியும்போது உடம்பு முதலில் உணர்வது குளிர்ச்சியை. அந்தச் சுவரைப் பிடித்து வளைத்தவர் காற்றியக்கவியல் படித்தவரல்ல, புயலைப் பார்த்தவர்.

கோவளம், வடநெம்மேலி தாண்டி மாமல்லபுரம். இங்கே எல்லோரும் போகிற இடத்துக்கே நானும் போனேன், ஆனால் திரௌபதி ரதத்துக்காக மட்டும். ஐந்து ரதங்களில் மிகச் சிறியது. உற்றுப் பாருங்கள், அது கோயிலைவிட ஒரு குடிசைக்குத்தான் நெருக்கம். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி ஒற்றைப் பாறையைக் குடைந்து ஒரு கூரை வீட்டைச் செய்திருக்கிறார். நாலு பக்கமும் வளைந்து இறங்கும் கூரை, மூலைகளில் கூரையைக் கட்டியதுபோன்ற வரம்பு. பல்லவர் காலத்து மரமும் கீற்றும் எப்போதோ மக்கிப்போயின, அந்த வீட்டின் உருவத்தைக் கல் காப்பாற்றி வைத்திருக்கிறது. சற்றுத் தள்ளி கடற்கரைக் கோயிலை உப்புக் காற்று அரிக்காமலிருக்கச் சவுக்கு மரங்களை வேலியாக நட்டிருக்கிறார்கள்.

அந்தச் சவுக்கு பிறகு சாலையோடு கூடவே வருகிறது. கல்பாக்கம் தாண்டி, பாலாற்றுப் பாலம் கடந்து, மரக்காணம் வரைக்கும் தோப்பு தோப்பாக. சென்னையில் சாரம் கட்டியதெல்லாம் இந்த மரத்தில்தான். எத்தனை மாடிகளைத் தாங்கிய பிறகு அவிழ்த்து எறியப்பட்ட மரம்!

கடப்பாக்கத்தில் இடக்கைப் பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது போக, 2004 சுனாமியும் சேதப்படுத்தியது போக, மிச்சம் நிற்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் மட்டும்தான். நான் கைவைத்துப் பார்த்தேன். செங்கல் பல இடங்களில் உள்வாங்கித் தேய்ந்திருக்க, நடுவிலுள்ள காரை கோடு கோடாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக உப்பு இங்கேயும்தான் வீசுகிறது. ஆனால் சுவருக்குள் துருப்பிடிக்க இரும்பு இல்லை.

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து, புதுச்சேரிக்குச் சற்று முன்னால், சாலையிலிருந்து மேற்கே ஏறினால் மண் சட்டென்று சிவக்கிறது. ஆரோவில். 1968இல் தொடங்கியபோது இது மரமற்ற செம்மண் மேடு. காடு வளர்ந்த கதை பலருக்கும் தெரியும். எனக்கு முக்கியம் அந்த மண்ணே சுவரானது. தோண்டிய மண்ணைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்குச் சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் அச்சில் அழுத்திக் கல்லாக எடுக்கிறார்கள். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், ஈரம் காயாமல் சில வாரம் வைத்திருந்தால் போதும். சுஹாசினி ஐயர் வடிவமைத்த பார்வையாளர் மையம் இந்தக் கல்லின் வளைவுகளால் ஆனது. எகிப்தில் ஏழைகளுக்கு மண்வீடு கட்டிய ஹசன் ஃபாத்தியின் பெயரிலான விருது 1992இல் இதற்குக் கிடைத்தது. பெயர்ப் பொருத்தம் இதைவிட அமையாது.

இன்னொரு வழியும் இங்கே உண்டு. அனுபமா குண்டூ 2000இல் கட்டி முடித்த 'வால் ஹவுஸ்' அச்சுக்கல்லால் ஆனது. அச்சுக்கல் என்பது ஒரு அங்குல கனம்தான் இருக்கும், கையால் அறுத்துச் சிறு சூளையில் சுட்ட செங்கல். பெரிய செங்கல் வந்ததும் அதைக் கேட்க ஆளில்லை. ஒரு சுவருக்கு மூன்று மடங்கு எண்ணிக்கை வேண்டும், அத்தனை காரை வேண்டும், அத்தனை நாள் கூலி வேண்டும் என்றால் யார் கட்டுவார்? குண்டூ அதைக் கேட்டு வாங்கினார். கூரைக்கு அவர் குயவர்களிடம் போனார். சட்டியும் குழலும் வனைந்து வாங்கி, கான்கிரீட் தளத்துக்குள் பதித்தும், வில்வளைவாகக் கோத்தும் கூரை போட்டார். மண்ணுக்குள் அடைபட்ட காற்று வெயிலை மறிக்கிறது. சிமென்ட்டும் இரும்பும் குறைகின்றன. பானைக்கு விலை போகாத காலத்தில் ஒரு குயவர் வீட்டுக்கு அந்த வேலை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தேன். கைவேலையை நினைவுச் சின்னமாக வைத்துக் காப்பாற்ற முடியாது, அதற்கு ஆர்டர் கொடுக்கவேண்டும்.

புதுச்சேரி மட்பாண்டக் கலைஞர் ரே மீக்கர் இதற்கும் மேலே ஒருபடி போனவர். பச்சைச் செங்கல்லால் குவிமாட வீடு கட்டி, உள்ளே இன்னும் பச்சைச் செங்கல்லும் ஓடும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கி நெருப்பு மூட்டினார். நாட்கணக்கில் எரிந்து ஆறியபின் வீடும் வெந்திருக்கும், உள்ளே அடுக்கியதும் வெந்திருக்கும். விறகுச் செலவை நினைத்தால் எல்லா ஊருக்கும் ஏற்ற வழியல்ல. ஆனாலும் வீடு கட்டுவது பற்றி இத்தனை துணிச்சலான யோசனையை இந்தச் சாலையில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

புதுச்சேரி ஊருக்குள் தமிழர் தெருக்களில் தாழ்வாரம் நடைபாதை வரை நீண்டு வழிப்போக்கனுக்கு நிழல் தருகிறது. கடலோரத் தெருக்களில் உயர்ந்த மதிலுக்குப் பின்னால் தோட்டத்தோடு பிரெஞ்சு வீடுகள். சில வீடுகள் கீழ்த்தளத்தில் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழ் பேசி, மாடியில் பிரெஞ்சுத் தூண்களோடு நிற்கின்றன. அழகுதான். ஆனால் நான் வந்தது ஒரு கான்கிரீட் கட்டடத்தைப் பார்க்க.

அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. கடலிலிருந்து சில தெருக்களே தள்ளி. ஆந்தோனின் ரேமண்ட் வடிவமைக்க, பின்னாளில் மர வேலைக்குப் பேர்பெற்ற ஜார்ஜ் நகாஷிமா இங்கேயே தங்கி வேலையை நடத்தினார். 1930களின் பிற்பகுதியில் தொடங்கியது. வடக்கும் தெற்கும் பார்த்த நீண்ட முகங்களில் கண்ணாடியே இல்லை. மேலிருந்து கீழ்வரை, திறந்து மூடும் படுக்கைவாட்டுப் பலகைகள்தான். அறைக்கும் நடைக்கும் இடையே தேக்குச் சட்டக் கதவுகள், அவற்றின் இடுக்கு வழியாகவும் காற்று போகும். கூரையின் மேல் இன்னொரு வளைந்த கூரை, நடுவில் காற்று. வடக்கே நிழலான தோட்டம். கான்கிரீட் என்றால் என்னவென்றே அறியாத ஆசிரமவாசிகள் இதில் வேலை பழகிக்கொண்டார்கள். கதவுகளுக்கான உலோகச் சாமான்களைக்கூட அங்கேயே வார்த்தார்கள். அவசரப்படாமல், ஆண்டுகள் எடுத்துக்கொண்டு கட்டினார்கள்.

என் வீட்டுச் சமையலறைக் கூரையும் கான்கிரீட், இதுவும் கான்கிரீட். இரண்டுக்கும் வீசியது ஒரே கடலின் உப்பு.

அறைகளில் ஆட்கள் குடியிருப்பதால், எதிர்ப்புறத் தெருவோரமே நின்றேன். மணி இரண்டரை இருக்கும். கடற்காற்று அப்போதுதான் தெருமுனை திரும்பியது, வேப்பமரம் அசைந்ததில் தெரிந்தது. மாடியில் ஓர் அறையின் பலகைகள் ஒன்றாகச் சாய்ந்து திறந்தன. கொஞ்ச நேரத்தில் அடுத்த அறையிலும்.