வாய்ப்பூட்டுக் காலத்துச் சாப்பாடு

ஒஸ்லோ, ஏப்ரல் 20

அன்புள்ள ஆசிரியருக்கு,

மார்ச் மடல் எங்கே என்று இரண்டு தடவை கேட்டு எழுதிவிட்டீர்கள். பூட்டு வாய்க்குத்தான் போட்டிருந்தார்கள், கைக்கு இல்லை; எழுதியிருக்கலாம்தான். ஆனால் பசித்தவனுக்கு எழுத்து ஓடாது என்பதை அறுபது வயதில்தான் கண்டுகொண்டேன்.

பெப்ரவரிக் கடைசியில் விழுந்தேன். இந்த ஊரில் புதுப் பனிக்குப் பயப்படத் தேவையில்லை. பகலில் உருகி இரவில் திரும்ப உறைந்து, தெருவோடு தெருவாகக் கண்ணாடி போலக் கிடக்கிறதே, அதுதான் ஆளை விழுத்தும். இரண்டு கையிலும் மரக்கறிப் பை. கையை ஊன்ற வழியில்லாமல் நாடி நிலத்தில் அடிபட விழுந்தேன். நாடியில் ஒரு முறிவு. அங்கே பட்ட அடி மேலே ஏறி, காதுக்கு முன்னால் இருக்கிற தாடை மூட்டின் கழுத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முறிவு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வைத்தியர்கள் அதைக் 'காவற்படை முறிவு' என்பார்களாம். அணிவகுப்பில் விறைத்து நின்று மயங்கி, கை ஊன்றாமல் முகங்குப்புற விழும் சிப்பாய்களுக்கு வருவதால் அந்தப் பெயர். எனக்கு அந்த மரியாதை கத்தரிக்காயாலும் வெங்காயத்தாலும் கிடைத்தது.

நாடியில் டைட்டானியத் தகடுகள் வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பர் வளையங்களால் இழுத்துக் கட்டினார்கள். எலும்பும் டைட்டானியமும் ஒத்துப்போகும் என்பதை உலகுக்குக் காட்டியவர் பக்கத்து நாட்டுக்காரர், சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க். 1950களில் முயலின் காலெலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியை ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனபோது எலும்பு அதை விடவில்லையாம். 1965இல் முதன்முதலாக ஒரு மனிதனின் தாடையில் டைட்டானியத்தில் பல்வேர் வைத்தார். வார்டில் படுத்துக்கொண்டு இதையெல்லாம் வாசித்தேன். பேச முடியாதவனுக்கு வாசிப்பைத் தவிர வேறு என்ன வேலை?

ஆனால் தகடு பிடித்துக்கொண்டு நிற்குமே தவிர, ஒட்டுகிற வேலையை எலும்புதான் செய்ய வேண்டும். அதற்குச் சாப்பாடு வேண்டும். சாப்பிடுகிற வாசலோ சாத்தியிருக்கிறது.

வீட்டுக்கு வந்த அன்று கரவெட்டியிலிருந்து அம்மா அழைத்தார். எண்பத்து நாலு வயது. படத்தில் என் வீங்கிய முகத்தைப் பார்த்து அழுது முடித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். "பிள்ளை, ஆட்டெலும்பு வாங்கி நல்லா அவிச்சு ரசம் வைச்சுக் குடு. எலும்புக்கு எலும்புதான் மருந்து. உழுத்தங்கஞ்சியும் காய்ச்சு." மனைவி முதலாவதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கிழமை மிளகு போடாத எலும்பு ரசம், காலை, மதியம், இரவு. உறிஞ்சிக் குடித்தால் தையலுக்குக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால் குழலும் இல்லை. ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு, அதன் முனையில் மெல்லிய ரப்பர்க் குழாய். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் கன்னத்தோரம் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. குழாயை அதற்குள் விட்டு மெதுவாக அழுத்த வேண்டும். ஒரு கோப்பை ரசத்துக்கு அரை மணித்தியாலம்.

இரண்டு கிழமையில் ஐந்து கிலோ குறைந்தேன்.

ஆஸ்பத்திரியின் உணவியலாளர் நிறுவைக் கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருபத்தைந்து வயது கூட இராத பெண்பிள்ளை. நோர்வே மொழியில் 'நீங்கள்' என்கிற சொல் வழக்கொழிந்துவிட்டது, அரசனைத் தவிர எல்லோரும் 'நீ'தான். "நீ என்ன குடிக்கிறாய்?" என்றார். கடதாசியில் எழுதிக் காட்டினேன். "அது தண்ணீர்" என்றார். எலும்பிலிருக்கிற கல்சியம் வெந்நீரில் கரைந்து வராது, ரசத்தில் சேர்வது மிகச் சொற்பம். உப்பும் வாசனையும் கொஞ்சம் ஜெலட்டினும்தான் மிச்சம். அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

உணவியலாளர் முதலில் கேட்டது கல்சியத்தை அல்ல, புரதத்தை. முறிந்த எலும்பு என்றால் பால் குடி, கல்சியம் குளிசை போடு என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்; நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். எலும்பு சுண்ணாம்புக் கட்டியல்ல. ஊரில் மண் வீடு கட்டியதைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும்: முதலில் வரிச்சு கட்ட வேண்டும், பிறகுதான் மண்ணை அப்பலாம். எலும்புக்கு வரிச்சு கொலாஜன் என்கிற புரத நார். கல்சியமும் பொஸ்பரசும் அதில் வந்து படிகிற மண். வரிச்சில்லாத இடத்தில் எவ்வளவு மண்ணைக் கொட்டினாலும் சுவர் எழும்பாது.

என் கணக்கை அவர் போட்டுக் காட்டினார். ஆறுகிற காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரைக் கிராம் வரை புரதம். விழுந்த அன்று நான் 72 கிலோ, ஆக நாளொன்றுக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம். அதோடு எரிபொருளும் போதவேண்டும். அரிசி, எண்ணெய், கொழுப்பு குறைந்தால் உடம்பு சாப்பிட்ட புரதத்தையே எரித்துவிடும். அதுவும் தீர்ந்தால் தசையில் கை வைக்கும். விறகில்லாத வீட்டில் கதவை உடைத்து அடுப்பெரிக்கிற கதை. என் ஐந்து கிலோ அப்படிப் போனதுதான்.

அன்று மாலையே மனைவி சமையலறையைத் தலைகீழாக மாற்றினாள். முதல் முயற்சி படுதோல்வி. சோறு, பருப்பு, மீன்குழம்பு மூன்றையும் ஒரே பிளெண்டரில் போட்டு அடித்தாள். வந்த நிறத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதன் பிறகு ஒரு விதி வைத்தோம்: ஒவ்வொன்றையும் தனித்தனியே அடிப்பது, தனித்தனிக் கோப்பையில் வைப்பது. பருப்பு மஞ்சளாகவும் கரட் செம்மஞ்சளாகவும் இருந்தால்தான் அது சாப்பாடு. வாய் மெல்லாவிட்டாலும் கண் மெல்லும்.

கோழித் தொடையை வேகவைத்து, உருளைக்கிழங்கும் கொஞ்சம் கிரீமும் சேர்த்து அடித்து, வடித்து, மேலே ஒரு கரண்டி ஒலிவ் எண்ணெய். அம்மாவின் எலும்பு ரசம் இப்போது இதற்குத் தண்ணீராகப் போனது, வீணாகவில்லை. சால்மன் மீனைப் பாலில் வேகவைத்து அடித்தால் நோர்வேக்காரரின் மீன் சூப்புக்குக் கிட்ட வரும். ஸ்கீர் என்று ஐஸ்லாந்திலிருந்து வந்த தயிர் மாதிரி ஒன்று எல்லாக் கடையிலும் இருக்கிறது. நூறு கிராமில் பத்து கிராமுக்கு மேல் புரதம். அதை மாம்பழக் கூழோடு பாலில் கரைத்தால் நம்முடைய மோருக்கும் லஸ்ஸிக்கும் நடுவில் ஒரு பானம். குரக்கன் மா கிரோருட் பள்ளத்தாக்குத் தமிழ்க் கடையில் கிடைக்கும். நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உள்ள தானியம் அது. பாலில் காய்ச்சினால் மண் அப்பும் வேலைக்கு இரட்டை லாபம். நெத்தலிக் கருவாட்டை வறுத்துத் தூளாக்கிப் பருப்பில் கலந்தாள். அவித்த எலும்பு தராத கல்சியத்தை அரைத்துத் தின்ற எலும்பு தரும். மூன்று அறை தள்ளி இருக்கிற பக்கத்து வீட்டாருக்கும் அன்று மணந்திருக்கும், பாவம்.

உழுத்தங்கஞ்சி விஷயத்தில் அம்மா முற்றிலும் சரி. நூறு கிராம் உளுந்தில் இருபது கிராமுக்கு மேல் புரதம். தேங்காய்ப்பாலின் கொழுப்பும் சீனியும் சேரும்போது விறகும் வரிச்சும் ஒரே கோப்பையில் வந்துவிடுகின்றன. பெரியபிள்ளையான பெட்டைகளுக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து இடுப்பெலும்புக்கு என்று சொன்ன கிழவிகள் புரதத்தை எங்கே அளந்தார்கள்! பருப்பும் உழுந்தும் மட்டும் போதும் என்று சொல்லவரவில்லை. முட்டையும் பாலும் கூடச் சேர்ந்தபோதுதான் என் கணக்கு நூறைத் தொட்டது.

மேல்மாடியில் தனியாக இருக்கிற நோர்வீஜிய அம்மையார் ஒரு நாள் முல்தெப் பழக் கூழ் ஒரு போத்தல் கொண்டுவந்தார். வடக்கே சதுப்பு நிலத்தில் விளைகிற செம்மஞ்சள் பழம், நெல்லிக்காய் அளவும் இராது, விலை கேட்டால் மயக்கம் வரும். விதை தையலுக்குள் போய்விடும் என்று மனைவி தேத்தண்ணி வடியில் தேய்த்து வடித்தாள். இந்தப் பழத்தை அந்தக் காலத்துக் கடலோடிகள் ஸ்கர்வி வராமலிருக்கத் தின்றார்கள். ஸ்கர்வி என்றால் முரசில் இரத்தம் வருவது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. 1740இல் புறப்பட்ட, ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதியின் கப்பற்படையில் ஒரு கிழட்டு மாலுமி. ஐம்பது வருடத்துக்கு முந்திய போரில் முறிந்து ஒட்டியிருந்த அவனுடைய எலும்பு, கடலில் ஸ்கர்வி வந்ததும், என்றைக்குமே ஒட்டாததுபோல விட்டுப்போயிற்று. விற்றமின் சி இல்லாவிட்டால் உடம்பால் உறுதியான கொலாஜன் நாரை முறுக்க முடியாது. பழைய ஒட்டுங்கூடப் புதுப்பிக்க ஆளில்லாமல் நெகிழ்ந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க வழி திறந்ததும் இதே ஊர்தான், அப்போது கிறிஸ்தியானியா என்று பெயர். அக்செல் ஹோல்ஸ்ட் என்ற பேராசிரியரும் தியோடோர் ஃப்ரோலிக் என்ற குழந்தை வைத்தியரும் கினிப் பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்து ஸ்கர்வியை வரவழைத்தார்கள், 1907இல் வெளியிட்டார்கள். எலியில் செய்திருந்தால் ஒன்றும் தெரிந்திராது, எலி தனக்கு வேண்டிய விற்றமின் சியைத் தானே செய்துகொள்ளும். கினிப் பன்றியும் மனிதனும் அந்த விஷயத்தில் ஒரே கையாலாகாதவர்கள். அன்றிலிருந்து தோடம்பழச் சாறு தினமும். புளிப்பு தையலில் எரிந்தது. எரிந்தாலும் குடித்தேன்.

கடைசியாக ஒன்று, என்னைக் கேலி செய்ய வந்தது. கல்சியத்தைக் குடலிலிருந்து உறிஞ்ச விற்றமின் டி வேண்டும்; அதைத் தோல் வெயிலில் செய்யும். ஒஸ்லோவின் குளிர்கால வெயில் அதற்கு உதவாது. இங்குள்ளவர்களுக்கு அதற்கு மருந்து 'த்ரான்', கோட் மீன் ஈரல் எண்ணெய். பெயரில் 'ர்' வரும் மாதங்களிலெல்லாம், செப்டெம்பர் தொடங்கி ஏப்ரல் வரை, நாளுக்கு ஒரு தேக்கரண்டி. ஐந்து மில்லியில் பத்து மைக்ரோகிராம். 1930களில் இந்த ஊர்ப் பள்ளிகளில் பாண், பால், கரட்டோடு த்ரானும் காலை உணவில் சேர்ந்திருந்தது. மேல்மாடி அம்மையாருக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே இன்றைக்கும் மூக்குச் சுருங்குகிறது. ஈரலைப் பீப்பாயில் அழுகவிட்டு மிதக்கிற எண்ணெயை வழித்த காலத்தில் இன்னும் மோசமாக இருந்திருக்கும். பீட்டர் மோலர் என்ற மருந்தாளர் 1850களில் அதை நீராவியால் எடுக்க வழி காட்டினார்.

நான் 1987இல் வந்து முதலில் நின்றது வடக்கே பின்மார்க் கரையில் ஒரு மீன் ஆலையில். அப்போது அந்தக் கரையெங்கும் மீன் வெட்டும் மேசைகளில் எங்கள் பொடியள்தான். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எழும்பவே எழும்பாது. ஈரல் தொட்டியைத் தாண்டிப் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஆலைக் கிழவர் ஒருவர் ஒரு போத்தலை நீட்டி "குடி, இங்கே இருட்டு" என்றார். வாங்கி வைத்து, அறையை விட்டுப் போகும்போது அப்படியே விட்டுவிட்டேன். முப்பத்தெட்டு வருடம் அதைத் தவிர்த்தவனுக்கு, வாயைத் திறக்க முடியாத நேரம் பார்த்து மனைவி சிரிஞ்சால் ஏற்றினாள். துப்பவும் வழியில்லை.

ஆறாவது கிழமை, போன செவ்வாய், ரப்பரைக் கழற்றினார்கள். எக்ஸ்றே படத்தில் முறிவுக் கோடு மங்கியிருக்கிறது. முழுதாக உறுதிப்பட இன்னும் மாதங்கள் செல்லும், மெல்லிய சாப்பாடுதான். எடையில் மூன்று கிலோ திரும்பிவிட்டது. வீட்டுக்கு வந்து சொதியில் ஊறிய இடியப்பம் இரண்டு சாப்பிட்டேன், நாற்பது நிமிடம். அம்மா மறுமுனையில் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். "எலும்பு ரசம் வேலை செய்திட்டுது, பாத்தியே" என்றார்.

தலையாட்டினேன். அழைப்பை வைத்ததும் மனைவி பிரிட்ஜைத் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஏப்ரல் இன்னும் முடியேல்லை. வாயைத் திறவுங்கோ."

இரண்டு விரல் அகலம்தான் திறக்கிறது. தேக்கரண்டி போகப் போதும்.